நெய்யூருக்குக் கொண்டுபோன சைக்கிள்

வெள்ளிக்கிழமை காலை, திருச்சி

பார்சல் அலுவலகத்தில் இருந்தவர் என் சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "மட்கார்டு எங்க, கேரியர் எங்க, ஸ்டாண்டு எங்க?" என்றார். பந்தய சைக்கிளுக்கு அதெல்லாம் கிடையாது என்றேன். "அப்புறம் இதுல என்னதாம்மா இருக்கு?" என்றபடியே சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நியாயமான கேள்விதான். என் முட்டி நன்றாக இருந்த காலத்தில் வாங்கிய சைக்கிள் அது. கொள்ளிடம் பாலம் தாண்டி, சமயபுரம் தாண்டி, விடியற்காலைகளில் மிதித்துத் தள்ளியிருக்கிறேன். முட்டி போன பிறகு வராந்தாவில் துண்டு காயப்போடத்தான் அது பயன்பட்டது. நாற்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு விலையில் கொடிக்கயிறு வைத்திருப்பவள் திருச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதை இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் பக்கம் இருக்கும் ஜினி என்ற பெண்ணுக்குக் கொண்டுபோகிறேன். நாகர்கோவிலில் கல்லூரிக் கடைசி வருடம் படிக்கிறாள். ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். போன வருடம் மதுரைப் பக்கம் ஒரு டிரையத்லானில் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நின்றபோது அவளைப் பார்த்தேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் மூச்சுவிட நேரமில்லாமல் அடுத்தடுத்துச் செய்கிற போட்டிதான் டிரையத்லான். எல்லோரும் வழவழவென்ற சைக்கிள்களில் பறந்துகொண்டிருந்தபோது, முன்பக்கம் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் கடைசியாக ஒரு பெண் வந்து இறங்கினாள். இறங்கியதும் ஓட ஆரம்பித்தாள் பாருங்கள், முன்னால் போனவர்களை ஒவ்வொருத்தியாகத் தாண்டிக்கொண்டே போனாள். பிறகு என்னிடம் தண்ணீர் வாங்க வந்தவளிடம், அந்தக் கூடையையாவது கழற்றியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "ஸ்பேனர் கிட்டலக்கா" என்றாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடாத ஒரே காரணத்துக்காகவே சைக்கிளைக் கொடுத்திருப்பேன்.

ஓட்டக்காரப் பிள்ளைகள் ஏன் இதற்கு வருகிறார்கள் என்று அவளிடம் கேட்டிருக்கிறேன். ஓடுகிற பெண்கள் மாநிலம் முழுக்க நிறைய. ஜினி எத்தனை தடகள மீட் போனாலும் நாலாவது, ஐந்தாவது. டிரையத்லானில் பெண்கள் குறைவு. மாநில அணிக்குள் நுழைந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு வழி பிறக்கும். ஞாயிற்றுக்கிழமை அதற்கான தேர்வு. பெண்களில் இரண்டு பேரை எடுப்பார்கள். சென்னையிலிருந்து வருகிற ஒரு நீச்சல்காரப் பெண் முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கப்போவதில்லை. மிச்சம் ஒரு இடம். அதற்கு ஜினியும் இருக்கிறாள், ஜினியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிற, ஒரே டிபனில் சாப்பிடுகிற அபிஷாவும் இருக்கிறாள்.

இன்டர்சிட்டி நேரத்துக்குக் கிளம்பியது. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினேன், இரண்டு பாக்கெட் நூறு ரூபாய். திருநெல்வேலி தாண்டியதும் வெயில் மாறாமல் நிலம் மட்டும் மாறியது. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், "இனி பச்சதான் பாத்துக்கிடுங்க" என்றார். சொன்னதுபோலவே மலையைத் தாண்டியதும் வாழையும் தென்னையுமாக ஜன்னல் நிறைந்தது. மனம் லேசாக இருந்தது. அதை எழுதிவைப்பதற்குக் காரணம், இந்தப் பயணத்தில் அப்படி இருந்தது அந்த அரைமணி நேரம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம், நாகர்கோவில்

ஜினியின் அப்பா தங்கராஜ் ஸ்டேஷனுக்கு டெம்போவோடு வந்திருந்தார். வாழைக்குலை வியாபாரம். காலையில் வடசேரி சந்தையில் குலைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு நின்றார். பின்பக்கம் வாழைச்சருகு மெத்தை மாதிரி பரப்பியிருந்தது. சைக்கிளை இரண்டு கையிலும் ஏந்தி அதன் மேல் படுக்கவைத்தார். கைக்குழந்தையைக்கூட அவ்வளவு பதனமாகப் படுக்கவைக்க மாட்டார்கள்.

"பிள்ளைக்கு ரெண்டு நாளா ஒறக்கம் இல்ல மேடம். சைக்கிள் வருது, சைக்கிள் வருதுன்னு ஒரே பாட்டு. கொறச்சு வெள்ளம் குடிக்கியளா?"

எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் காவிரி கரையை உடைத்துக்கொண்டு வருவது. இவர்கள் அதைச் சொம்பில் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன்.

வழியில் கல்லூரி மைதானத்தில் நிறுத்தினார். பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். பயிற்சியாளர் ராஜன் மாஸ்டர் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடுவில் நின்றார். உயரமான, வெடவெடவென்ற பெண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அவள்தான் அபிஷா. புதுக்கடை என்ற ஊர்க்காரி. பத்தடி பின்னால் ஜினி. அடி எடுத்துவைக்கிற சத்தமே கேட்காமல் ஓடுவாள். கடைசி வளைவுக்கு முன்னால் ஜினி குரல் கொடுத்தாள்.

"ஏட்டி அபி, உனக்க லேஸ் அவுந்து கெடக்கு."

அபிஷா திரும்பிப் பார்த்தாள். மாஸ்டரின் விசில் அலறியது. அந்த இடைவெளியில் ஜினி அவளைத் தாண்டிப் போனாள். அபிஷாவுக்குத் தண்டனையாக இன்னொரு சுற்று. லேஸ் அவிழவே இல்லை.

"நாறப்பிள்ள" என்று திட்டிக்கொண்டே அபிஷா தண்டனைச் சுற்றை ஓடினாள். ஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இது தினமும் நடப்பதாம். இந்த மைதானத்தில் ஓடும்போது திரும்பிப் பார்ப்பது பெருங்குற்றம். முன்னால் போகிறவளைத் திருப்பவைப்பது பின்னால் வருகிறவளின் வித்தை. அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள், பாம்பு என்பார்கள். எதைச் சொன்னாலும் திரும்பக் கூடாது. மாஸ்டர் என்னிடம் விளக்கினார். "திரும்பினா கால் தப்பும் மேடம். கால் தப்புனா மனசு தப்பும். பின்னால யாரு வாறா, எம்புட்டு தூரத்துல வாறா, அதெல்லாம் காதுல பிடிக்கணும். கண்ணு முன்னாலதான் இருக்கணும். மூணு வருசமா அதத்தான் அடிச்சுச் சொல்லுதேன். அபிஷாதான் கொஞ்சம் லேட்டு. அவளும் இப்ப பரவாயில்ல, பத்துக்கு ஒருக்காதான் திரும்புதா."

எனக்கு அப்போது அது நல்ல பயிற்சியாகத்தான் பட்டது. தலையாட்டினேன்.

சனிக்கிழமை, நெய்யூர்

ஜினியின் அம்மா லில்லி காலையிலேயே மரச்சீனிக்கிழங்கு அவித்து மீன்கறி வைத்திருந்தார். "கறி எரிவா இருக்கும், பாத்துத் தின்னுங்க" என்றார். கண்ணில் நீர் வரத் தின்றேன். கடைசியில் மட்டி வாழைப்பழம் இரண்டு கொடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும், அந்த வாசனைக்கே இன்னொரு முறை வரலாம் என்று அப்போது நினைத்தேன்.

லில்லிக்கு ஒரு மனக்குறை. போட்டி ஞாயிற்றுக்கிழமை. "ஆராதன நேரத்துல என்ன நீச்சல் வேண்டிக்கெடக்கு" என்று அடுப்படியிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்.

"நீ கோயில்ல ஜெபம் பண்ணு மம்மி, நான் கடல்ல நீந்துதேன். ரெண்டும் சேந்து நடக்கட்டும்" என்றாள் ஜினி.

சைக்கிளின் இருக்கையை அவள் உயரத்துக்கு இறக்கி, கால் பூட்டிக்கொள்ளும் பெடலைப் பழக்கினேன். முதல் பத்து நிமிடத்தில் மூன்று முறை விழுந்தாள். மூன்று முறையும் சைக்கிளுக்கு அடிபட்டதா என்றுதான் பார்த்தாள். பிறகு திங்கள்நகர் வரை போய்வந்தாள். திரும்பி வந்து இறங்கியவள் முகத்தை நான் என்னவென்று எழுதுவது. "அக்கா, இது போவல. இது ஆள முன்னால எறியுது" என்றாள். ஒன்றரை வருடம் இதில் துண்டு காயப்போட்டதை நினைத்து எனக்கே என் மேல் கோபம் வந்தது.

மதியம் அபிஷா புதுக்கடையிலிருந்து பஸ்ஸில் வந்தாள். இரண்டு பேரும் பக்கத்துக் குளத்தில் நீந்துவதைக் கரையிலிருந்து பார்த்தேன். தாமரையை ஒதுக்கி, ஒரு படித்துறையிலிருந்து எதிர்ப் படித்துறைக்குப் பாதை போட்டுவைத்திருந்தார்கள். ஜினி தலையை நீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நீந்தினாள். தாமரைக்கொடி எங்கே கிடக்கிறது என்று பார்த்தாக வேண்டுமே. குளத்தில் நீச்சல் பழகிய எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அபிஷாவை மாஸ்டர் ஆறு மாதம் நீச்சல்குளத்துக்கு அனுப்பியிருந்தார், அவள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஒழுங்காக நீந்தினாள்.

"நாளைக்கு நீச்சல்ல உன்ன விட்டுட்டுப் போயிருவேன் பாத்துக்க" என்றாள் அபிஷா.

"போ மக்கா, போ. எம்புட்டு தூரம் போவ? ஓட்டத்துல வந்து பிடிச்சிருவேன்."

ஓட்டக்காரர்களின் நம்பிக்கை இது. நீச்சலில் எவ்வளவு இழந்தாலும், சைக்கிளில் எவ்வளவு இழந்தாலும், கால் தரையில் பட்டுவிட்டால் பிடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். தரைக்கு வந்து சேர வேண்டும் என்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

மாலையில் தங்கராஜின் டெம்போவில் போட்டி நடக்கும் கடற்கரைக்குப் போய்ப் பார்த்தோம். நெய்யூரிலிருந்து இருபது நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று பிறகு சொன்னார்கள், போடவில்லை. மஞ்சள் மிதவைகளை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கிளம்பிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்த ஏற்பாட்டாளர் இளைஞர், நீச்சல் எழுநூற்று ஐம்பது மீட்டர், சைக்கிள் இருபது கிலோமீட்டர், ஓட்டம் ஐந்து கிலோமீட்டர் என்று ஒப்பித்தார். பிறகு, "ஞாயிறாப் பாத்து வச்சதே அதுக்குத்தான் மேடம். நாளைக்கு ஒரு வள்ளமும் எறங்காது. வலை கெடையாது, ஒண்ணும் கெடையாது. கடல் முழுக்க நமக்குத்தான்" என்றார். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வள்ளம் எடுத்து மீன்பிடிக்கப் போவதில்லை, எல்லோரும் மாதா கோயில் பூசைக்குப் போவார்கள். இரண்டாவது பாதுகாப்புப் படகுக்குக் கேட்டிருந்தவரும் அதனாலேயே வர முடியாது என்று சொல்லிவிட்டாராம். ஒன்று போதும் என்றார் அந்த இளைஞர்.

ஞாயிற்றுக்கிழமை

லில்லியும் தங்கராஜும் கோயிலுக்குப் போய்விட்டு, ஓட்டம் முடியும் நேரத்துக்கு வருவதாக ஏற்பாடு. நானும் பிள்ளைகளும் விடிந்ததும் ஆட்டோவில் போய்விட்டோம். 400 ரூபாய், சைக்கிள் இரண்டும் மேலே கட்டி.

கடல் அமைதியாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கரையோரம் சின்ன அலைகள் உடைந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் அலையே உடையவில்லை, தண்ணீர் தட்டையாகக் கிடந்தது. ஜினி அதைக் கைகாட்டி, "அக்கா, அந்தால பாருங்க. நம்ம கொளம் மாதிரி கெடக்கு. அதுவழியா போயிருவேன்" என்றாள். நானும் நல்ல யோசனை என்றேன். கரைக்கு அடித்த தண்ணீர் எல்லாம் கடலுக்குத் திரும்பிப் போகிற வாசல் அது என்றும், அதனால்தான் அங்கே அலை உடைவதில்லை என்றும் எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். கடற்கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமாம். நாங்கள் ஒருவரும் கடற்கரையில் பிறந்தவர்கள் இல்லை.

முதலில் ஆண்களை இறக்கினார்கள். படகு அவர்களோடு தூரத்து மிதவைக்குப் போயிற்று. சற்று நேரத்தில் பெண்களுக்கு விசில் அடித்தார்கள். பதினோரு பேர். நான் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போய்விட்டேன். மூங்கில் கம்பத்தில் எல்லா சைக்கிளும் இருக்கையால் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. நீச்சல் முடித்து வருகிறவர்கள் அங்கே ஓடிவந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். என் சைக்கிளின் காற்றை அமுக்கிப் பார்த்தேன், தண்ணீர் பாட்டிலைச் சரிசெய்தேன், ஜினியின் ஹெல்மெட்டைத் திருப்பி வைத்தேன். கலியாண வீட்டில் வேலை இல்லாத அத்தை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன்.

சென்னைப் பெண் முதலில் வந்தாள். பிறகு இரண்டு பேர். நான்காவதாக அபிஷா. முகமெல்லாம் சிவந்து, மூச்சு இரைக்க, காலில் மணலோடு ஓடிவந்து சைக்கிளைப் பிடுங்கினாள்.

"ஜினி எங்கம்மா?" என்றேன்.

"பின்னால வாறாக்கா" என்றாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். ஏறிப் போய்விட்டாள்.

அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சைக்கிளாகக் கம்பத்தைவிட்டுப் போனது. தொப்பியைக் கழற்றியபடி ஓடிவரும் ஒவ்வொரு முகத்தையும் ஜினியா என்று பார்த்தேன். மெதுவாக நீந்துகிறவள்தானே, வருவாள் என்றிருந்தேன். கடைசியில் கொஞ்சம் குண்டான ஒரு பெண் இருமிக்கொண்டே நடந்துவந்து, தன் சைக்கிளை எடுத்தாள். "நீதான் கடைசியா?" என்றேன். "ஆமா ஆன்ட்டி" என்றாள்.

கம்பத்தில் என் சைக்கிள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்திக்கொண்டு மணலில் ஓடியது ஞாபகம் இருக்கிறது. முட்டி வலித்ததா என்று ஞாபகம் இல்லை. கரையில் நின்ற இரண்டு நீச்சல் காவலர்களும் அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். படகு தூரத்தில் இருந்தது, ஒலிபெருக்கியில் கூப்பிட்டது அதற்குக் கேட்கவில்லை. யாரோ கோயிலுக்குள் ஓடிச் சொல்லியிருக்கிறார்கள். பூசை பாதியில் நிற்க, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகளோடு ஆண்கள் ஓடிவந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டி, கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளத்தைத் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்திருந்தார்கள். ஒருவர் வீட்டுக்கு ஓடினார். மற்றவர்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்தத் தட்டையான தண்ணீருக்கு நேராக, நெடுந்தூரம் உள்ளே போய் அவளைத் தூக்கினார்கள்.

மணலில் கிடத்தி நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஆம்புலன்ஸிலும் அமுக்கினார்கள். நான் கூடப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியமில்லை, அவர்களால் ஆனதைச் செய்தார்கள். தங்கராஜுக்கு நான்தான் போன் செய்தேன். கோயிலில் இருந்ததால் அணைத்து வைத்திருந்தார். விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எடுத்து, "ஜெயிச்சிட்டாளா மேடம்?" என்றார். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி வரச்சொன்னேன். அவர் வந்து சேரும்போது டாக்டர் வெளியே வந்து சொல்லிவிட்டிருந்தார்.

அபிஷாவைச் சைக்கிளின் இரண்டாவது சுற்றில்தான் நிறுத்தினார்களாம். தன்னைப் போட்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். "எதுக்கு நிறுத்துதிய? நான் என்ன தப்பு செய்தேன்?" என்று நடுரோட்டில் சண்டை போட்டிருக்கிறாள்.

திங்கட்கிழமை

மதியத்துக்கு மேல் சபைக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கல்லூரி ஓட்டக்காரப் பிள்ளைகள் சீருடையில் வந்திருந்தார்கள். ஒரு பெண் ஜினியின் ஓட்டக் காலணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை நின்றாள். ராஜன் மாஸ்டர் ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விசில் அப்போதும் கழுத்தில் கிடந்தது. யாரும் அவரோடு பேசவில்லை.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒலிபெருக்கிக்காரனைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஒரே ஒரு படகோடு பிள்ளைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள், கடல் முழுக்க நமக்குத்தான் என்று பெருமை வேறு. எங்கள் ஊரில் காவிரியில் குளிக்கப் போனால் கரையில் துணி துவைக்கிறவர்களே அதட்டுவார்கள், அங்கே சுழல் இருக்கிறது, இங்கே மணல் அள்ளிய பள்ளம் இருக்கிறது என்று வழியை மறிப்பார்கள். இங்கேயும் அப்படி அதட்டக்கூடிய ஒரு ஊரே இருந்தது. அந்த ஊர் முழுவதும் கோயிலுக்குள் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போட்டியை வைத்தார்கள். இடைஞ்சல் இருக்காது என்றார்கள், இருக்கவில்லை.

மாலை லில்லி என்னிடம் வந்தார். அழுது அழுது குரல் போயிருந்தது. சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைக் கைகாட்டினார்.

"அது இஞ்ச நிக்கண்டாம்."

சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை, நாகர்கோவில்

வாடகை வண்டி பிடித்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். தங்கராஜ் கேட்கவில்லை. "நான்தான கூட்டிட்டு வந்தேன் தங்கச்சி. நான்தான் கொண்டு விடணும்" என்றார். வெள்ளிக்கிழமை மேடம் என்று கூப்பிட்டவர். வந்த அன்று போலவே சைக்கிளை இரண்டு கையிலும் ஏந்தி வாழைச்சருகின் மேல் படுக்கவைத்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

அபிஷாவும் வந்தாள். சைக்கிள் ஆடாமல் பிடித்துக்கொள்கிறேன் என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வடசேரி பக்கம் நெரிசலில் வண்டி ஊர்ந்தபோது கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு பஸ் கண்டக்டர் ஊர் பெயரைக் கத்தினார். அபிஷா சட்டென்று திரும்பினாள். வெற்றிலை விற்கிறவர் யாரையோ அதட்டினார். அதற்கும் திரும்பினாள். நான் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை.

ஸ்டேஷனில் தங்கராஜ் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "போய்ட்டு வாங்க" என்று முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சைக்கிளைப் பார்சலில் ஏற்றிவிட்டு அபிஷாவும் நானும் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். தேர்வுக் குழுவிலிருந்து மாஸ்டருக்குப் போன் வந்ததாம். போட்டி பாதியில் நின்றுவிட்டதால் இதற்கு முன் நடந்த போட்டிகளின் கணக்கை வைத்து முடிவு செய்திருக்கிறார்களாம். இரண்டாவது இடம் அபிஷாவுக்கு.

"என்ன சொன்ன?" என்றேன்.

"வேண்டாம்னு சொன்னேன். மாஸ்டர் ஒண்ணும் சொல்லல."

தண்டவாளத்தைப் பார்த்தாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"அவ கூப்பிட்டாக்கா."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மொத மிதவ தாண்டும்போ. அபீன்னு. ரெண்டு தடவ. தலைய வெளிய எடுத்து மூச்சு விட்டேன் பாத்தியளா, அப்ப நல்லா கேட்டுது. நான் திரும்பல."

"தினமும் அப்படி ஏமாத்துறவதானேம்மா. லேஸ் அவுந்திருக்குன்னு கத்துவாளே, நானே பாத்தேனே. அப்படின்னுதானே நெனச்சிருப்ப."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. நானும் போலீஸ்கிட்ட அப்படித்தான் சொன்னேன்." கையை விடுவித்துக்கொண்டாள். "அப்படி நெனைக்கலக்கா. கொரலு தூரத்துல கேட்டுது. அவ எம்புட்டு பின்னால கெடக்கான்னு காதுலயே கணக்குப் பாத்தேன். இனி ஓடிவந்தாலும் பிடிக்க மாட்டா, சீட்டு எனக்குத்தான்னு நெனச்சேன். சந்தோசமா இருந்துது. இன்னும் வேகமா நீந்தினேன்."

பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை. மூன்று வருடம் விசில் அடித்து அடித்து எதைச் சொல்லிக்கொடுத்தார்களோ அதை அன்றைக்குத்தான் ஒரு பிசகும் இல்லாமல் செய்திருக்கிறாள். உன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். என் காதிலேயே அது ஒட்டவில்லை. அவள் ஒரு மரியாதைக்குத் தலையாட்டினாள்.

"இனிமே ஓடுவியா?"

"நேத்து சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனேன். ஒரு ரவுண்டுகூட முடியலக்கா." காரணத்தை அவள் சொல்லவில்லை.

ரயில் வந்தது. பையை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் நின்றாள். வீட்டுக்குப் போனதும் போன் செய்யுங்கள் என்றாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். நான்கைந்து அடி போயிருப்பாள், சாயா விற்கிறவர் குரல் கொடுத்தார். நின்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி நடந்தாள். யாரோ ஒரு தாய் தன் குழந்தையைக் கூப்பிட்டார். மறுபடி நின்றாள், திரும்பினாள், யார் என்று தேடினாள், நடந்தாள். ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. திரும்பினாள். பிளாட்பாரத்தில் எழுகிற ஒவ்வொரு குரலுக்கும் அந்தப் பிள்ளை திரும்பிக்கொண்டே போனாள்.

என் மடியில் வெள்ளிக்கிழமை வாங்கிய கடலைமிட்டாயில் ஒரு பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. அபிஷாவுக்கு என்று எடுத்துவைத்தது, கொடுக்க மறந்துவிட்டேன். அவள் இன்னும் படிக்கட்டு ஏறியிருக்கவில்லை, ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். கொடுக்கவில்லை. ரயில் நகரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.